டாம்சின் கையில் இருந்த விரல் தடம்

ஸ்கெல்பி, லிங்கன்ஷயர்
6 மே 1990

அன்புள்ள நெஸ்டா,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பீட்டர்பரோவில் ரயில் மாற இரண்டு மணி நேரம் நின்றதில் கால் வீங்கிவிட்டது, இப்போது தேவலை. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

நான் இல்லாத ஒரு வாரமும் கிளிஃபர்ட் முட்டையை வறுத்து வறுத்தே காலம் தள்ளியிருக்கிறார். வாசலில் என்னைப் பார்த்ததும், "உன் தங்கச்சி உன்னைத் தவளையா மாத்தலையே, நிம்மதி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ விக்கா என்று ஏதோ பழைய இயற்கைத் தெய்வங்களைக் கும்பிடுகிறாய் என்பது தெரியும். ஆனால் அந்தக் கடைசி மாலையில் உன் தோட்டத்தில் மெழுகுவத்திகளை வைத்து, கறுப்புப் பிடிக் கத்தியை நீ தூக்கிப் பிடித்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அது எதற்கு என்று எழுது. கோபப்படாதே, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை எங்கள் சர்ச்சில் இதைப் பற்றியே ஒருவர் பேச வருகிறார். வெளியூர்க்காரர். படமெல்லாம் போட்டுக் காட்டுவாராம்.

குட்டி டாம்சின் நன்றாக இருக்கிறாளா? நான் பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டையைப் போடுகிறாளா? காலையில் குளிர் இருக்கும், போடச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
டோரீன்

ஹாதர்கோட், டெவன்
19 மே 1990

அன்புள்ள அக்கா,

நான், டாம்சின், பூனை மூவரும் சுகம். பூக்காலம் முடிந்தால் என் இரைப்பும் போய்விடும். நீ உப்புப் போட்ட வெந்நீரில் காலை வை. மந்திரம் இல்லை, மருந்துக் கடைக்காரர் சொன்னது.

கத்தி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு வெண்ணெய் வெட்டுகிற கூர்கூட இல்லை. காற்றில் வட்டம் வரைய மட்டும்தான் அது. எதையும் வெட்டக் கூடாது என்பதே அதற்கு விதி. நீ தினம் காலையில் எங்கள் கோழிகளை எண்ணினாயாமே, டாம்சின் சொன்னாள். ஏழும் உயிரோடு இருக்கின்றன, முட்டையும் இடுகின்றன.

சாத்தான் உங்கள் சர்ச் ஆள் அக்கா. எங்கள் வீட்டில் அவனுக்கு நாற்காலியே கிடையாது. கொம்பு வைத்த படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அது மான் கொம்பு. காட்டுக்கும் விலங்குக்கும் உரிய தெய்வம். உங்களுக்குப் பத்துக் கட்டளை. எங்களுக்கு ஒன்றுதான்: யாருக்கும் தீங்கு வராமல் நட. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். ஆடையில்லாமல் ஆடுவோமா என்று கிளிஃபர்ட் அத்தான் கேட்கச் சொல்லியிருப்பார். அடுத்த வீட்டுப் பெக்கியைத்தான் பார்த்தாயே, தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலியோடு இரண்டு கம்பளிச் சட்டை போட்டு நின்றாள். அவள் ஆடினால் நான் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

நீலச் சட்டையை டாம்சின் கழற்றவே மாட்டேன் என்கிறாள். வெயில் கொளுத்துகிறது, "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்கிறாள். பெரியம்மா மேல் அவ்வளவு ஆசை. பள்ளியில் நான் மதியச் சாப்பாடு பரிமாறும்போதுகூட அதே சட்டைதான்.

உன் பேச்சாளர் என்ன சொன்னார் என்று எழுது. சிரிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
நெஸ்டா

ஸ்கெல்பி
4 ஜூன் 1990

அன்புள்ள நெஸ்டா,

இங்கே எல்லோரும் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது.

பேச்சு நடந்தது. நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒரு தாளில் பதினேழு அடையாளங்கள் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். நட்சத்திரம், உப்புக் கிண்ணம், மூலிகை, நிலா நாள்காட்டி என்று. அவ்வளவுதான், எழுத வேறு ஒன்றும் இல்லை.

தோட்டத்து ருபார்ப் தண்டில் செய்த ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். டாம்சின் சட்டையைத் துவைக்கும்போது வெந்நீர் வேண்டாம், சுருங்கிவிடும். பள்ளியில் உன் சமையல் வேலை எல்லாம் ஒழுங்காகத்தானே போகிறது? எதற்கும் கேட்கிறேன்.

டோரீன்

ஹாதர்கோட்
28 ஜூன் 1990

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. டாம்சினைக் கொண்டுபோய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கார், ஐந்து பேர். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து மிஸ் பாரட் என்று ஒரு பெண், கூடவே போலீஸ். யாரோ என்னைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் சாத்தானைக் கும்பிடுகிறவளாம், என் மகளை அதற்குப் பயன்படுத்துகிறேனாம், பள்ளிச் சாப்பாட்டில் எதையாவது கலந்தாலும் கலப்பேனாம். கீழே கையெழுத்து இல்லை.

அவள் இரவு உடுப்போடு படியில் நின்றாள். "கோட்டு போட்டுக்கோம்மா, கொஞ்ச நாள் வேற வீட்டுல இருப்ப" என்றாள் அந்தப் பெண். "அம்மா வராங்களா?" என்று டாம்சின் கேட்டாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். போலீஸ்காரர் என் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். அவரும் அழாத குறை.

கத்தி, துடைப்பம், உப்புக் கிண்ணம், டாம்சின் நிலா வரைந்து வைத்த நோட்டு எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அடுக்களையிலிருந்த பீட்ரூட் ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட ஒருவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரத்தமா இருக்குமோ?" என்றான். அதையும் எடுத்துப் போனார்கள். வேறொரு நாளாக இருந்தால் உனக்கும் எனக்கும் சிரித்து வயிறு வலித்திருக்கும்.

பள்ளியில் மறுநாளே என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியை வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. டாம்சின் அப்பா ஸ்பெயினுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது, முகவரிகூடத் தெரியாது. எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. சீக்கிரம் எழுது. உன் காலைக் கவனித்துக்கொள்.

நெஸ்டா

ஸ்கெல்பி
21 ஜூலை 1990

அன்புள்ள நெஸ்டா,

மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. காய்ச்சலில் படுத்திருந்தேன். இப்போதும் சோறு தண்ணி இறங்கவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழந்தையையே கொண்டுபோவார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்? வந்து விசாரிப்பார்கள், புத்தி சொல்வார்கள், அவ்வளவுதான் என்றுதானே யாரும் நினைப்பார்கள். தினமும் ஜெபம் செய்கிறேன். அவள் எங்கே இருக்கிறாள்? நல்ல மனிதர்களா? பாலில் ஏடு இருந்தால் அவளுக்குப் பிடிக்காதென்று அவர்களுக்குத் தெரியுமா?

யார் எழுதியது என்று அவர்கள் ஏதாவது சொன்னார்களா?

டோரீன்

ஹாதர்கோட்
3 ஆகஸ்ட் 1990

அன்புள்ள அக்கா,

உன் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சாப்பிடுகிறேன், இளைத்தும் போகிறேன்.

வாரம் ஒரு மணி நேரம் அவளைப் பார்க்க விடுகிறார்கள், பக்கத்தில் மிஸ் பாரட் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள். என்ன நடந்தது என்று நான் டாம்சினைக் கேட்கக் கூடாது. முதுகில் தட்டிக் கொடுப்பதானால்கூட அனுமதி கேட்க வேண்டும்.

இப்போதுதான் வக்கீல் மூலம் முழு விஷயமும் தெரிந்தது. அந்த மொட்டைக் கடிதத்தில் என் வீட்டுச் சாமான்கள் மட்டும் இல்லை. குழந்தையின் மேல்கையில் அழுத்திப் பிடித்த விரல் தடம் கன்றிப்போய் இருந்தது என்றும் எழுதியிருக்கிறதாம். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நான் டாம்சின் கையில் எந்தத் தடத்தையும் பார்க்கவில்லை. மே மாதத்தில் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை அவள் கையில் மஞ்சளாக ஏதோ பார்த்தாளாம், விழுந்திருப்பாள் என்று விட்டுவிட்டாளாம். அதனால் அது பொய்யில்லை என்கிறார்கள். "உன் கையை யார் பிடித்தது?" என்று டாம்சினைக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அது ரகசியம். சொல்லக் கூடாது." யார் சொல்லக் கூடாது என்றது? "அதையும் சொல்லக் கூடாது." அவ்வளவுதான். குழந்தையை மிரட்டி வாயைக் கட்டியிருக்கிறோம், எங்கள் கூட்டத்தின் வழக்கமே அதுதான் என்று எழுதிவிட்டார்கள். எத்தனை முறை கேட்டாலும் அவள் அதே பதிலையே சொல்லி அழுகிறாளாம்.

எனக்குப் பெக்கி மேல்தான் சந்தேகம். என் வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். நேரே போய்க் கேட்டேன். "நீயா இப்படிக் கேக்குற?" என்று மட்டும் சொன்னாள். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், பேச்சில்லை. முன்கதவில் யாரோ சிவப்புச் சாயத்தில் சிலுவை போட்டிருக்கிறார்கள். தேய்த்தும் போகவில்லை.

அக்கா, செப்டம்பர் 12 நீதிபதி முன் விசாரணை. நீ வர வேண்டும். அந்த வாரம் முழுக்க என் வீட்டில் இருந்தவள் நீ. நாற்பது வருடம் சர்ச்சுக்குப் போகிறவள். நான் சொன்னால் சூனியக்காரி சொல்கிறாள் என்பார்கள். நீ சொன்னால் நம்புவார்கள். குழந்தைக்கு எதுவும் நடக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

உன் தங்கை,
நெஸ்டா

ஹாதர்கோட்
25 ஆகஸ்ட் 1990

அக்கா,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? பெட்டிக்கடைப் பக்கத்துத் தொலைபேசியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். எடுத்தவர் அத்தான். "டோரீன் தோட்டத்துல இருக்கா, நெஸ்டா" என்றார். மழை கொட்டுகிற சத்தம் ஃபோனில் எனக்கே கேட்டது.

வர முடியாதென்றால் முடியாது என்றாவது எழுது.

நெஸ்டா

ஸ்கெல்பி
1 செப்டம்பர் 1990

நெஸ்டா,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் மூச்சு மருந்தை வைத்துக்கொள்.

பெக்கி இல்லை. எழுதியது நான்.

அந்தப் பேச்சாளர் தாளைக் கொடுத்துவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இருந்தா எழுதுங்க, உங்க பேரு வேண்டாம், ஒரு குழந்தைய காப்பாத்தின புண்ணியம் உங்களுக்கு" என்றார். பதினேழில் பதினொன்று உன் வீட்டில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போட்டேன். கீழே, குழந்தையின் உடம்பில் காயம் உண்டா என்று ஒரு கேள்வி. வலது மேல்கையில் விரல் தடம் பார்த்தேன் என்று எழுதினேன்.

பார்த்தது உண்மை. அது என் விரல்.

கடைசி நாள் மாலையில் நீங்கள் தோட்டத்தில் வட்டமாக நின்றபோது, டாம்சின் பூ வளையத்தை எடுக்க அடுக்களைக்குள் வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க பெரியம்மா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்றாள். "போகாத, அது உனக்கான இடம் இல்ல" என்றேன். இழுத்தாள். நான் விடவில்லை. "வலிக்குது, வலிக்குது" என்றாள். அப்போதும் விடவில்லை. நீ வெளியிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் விட்டேன். மறுநாள் காலை பார்த்தால் அவள் கையில் நான்கு விரலும் கட்டை விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. நீலச் சட்டையை நானே போட்டுவிட்டேன். "அம்மாகிட்ட சொல்லாதே. சொன்னா பெரியம்மா இனிமே இங்க வரவே முடியாது. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம்" என்றேன். தலையாட்டினாள்.

உன் மகள் எனக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

பயத்தில் செய்தேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். பயம் இருந்தது நிஜம். ஆனால் பயம் மட்டும் என்றால் பாதிப் பொய். எனக்குக் குழந்தை இல்லை. ஒரு வாரம் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், கதை சொன்னேன். நீ ஒரு குரல் கொடுத்ததும் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். கிளிஃபர்ட் நேற்று கண்டுபிடித்தார். படித்துவிட்டு மேஜையில் விரித்து வைத்தார். பிறகு, "டோரீன், அந்தத் தடம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து மைப்பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ எழுது. தபால்ல போடுறது நான். உன்னை நம்பி விட மாட்டேன்" என்றார்.

இதே விஷயத்தைக் கையெழுத்துப் போட்டு உன் வக்கீலுக்கும் அனுப்புகிறேன். பன்னிரண்டாம் தேதி வருவேன். உன்னிடம் சாபம் என்று ஏதாவது இருந்தால் என்மேல் போடு. மறுக்க மாட்டேன்.

டோரீன்

ஹாதர்கோட்
30 செப்டம்பர் 1990

டோரீன்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

டாம்சின் இருபத்தோராம் தேதி வீட்டுக்கு வந்தாள். வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நீதிபதி முன் நீ தலையைத் தூக்கவே இல்லை, அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். "யாருடைய விரல்கள், அம்மா?" என்று அவர் கேட்டதும், "என்னோடது" என்று சொல்லிவிட்டு நீ உன் வலது கையை நீட்டினாயே, அப்போது மிஸ் பாரட் எழுதுவதை நிறுத்தினாள். பதினோரு வாரத்தில் முதல் முறை. வராந்தாவில் உன்னைத் தாண்டிப் போனபோது நான் வேண்டுமென்றேதான் பேசவில்லை. பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

பள்ளியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. ஒரு விடுதியில் துணி துவைக்கிறேன். பெக்கி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நாப்பது வருஷம் இந்த ஊருக்குக் கடுதாசி கொண்டுவந்து குடுத்தவ நான். கையெழுத்து இல்லாத கடுதாசி எழுதுற ஆளாவா நான் தெரிஞ்சேன்?" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். ஆனால் முன்போல் சிரிக்கவில்லை. உன்னால் எனக்கு வந்ததை நான் அவளுக்குச் செய்தேன். அதை உன் தலையில் கட்ட முடியாது, அது என்னுடையது.

சாபம் போடச் சொன்னாய். இத்தனைக்குப் பிறகும் நாங்கள் யார் என்று உனக்குப் புரியவில்லை. என்னிடம் சாபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் உன் கடிதம் வந்த வாரமே எடுத்திருப்பேன், அதை மறைக்க மாட்டேன். உன்னைத் தண்டித்துக் கணக்கை முடித்துவைக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. அந்தக் கணக்கை நீயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு காரியம் மட்டும் செய். "ரகசியம் முடிந்துவிட்டது, பெரியம்மாவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்" என்று நான் எவ்வளவு சொன்னாலும் டாம்சின் நம்பவில்லை. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைக்கிறாள். உன் கையெழுத்தில் அவளுக்கு எழுது. உன்னைப் பற்றி எழுதாதே, அவளுக்கு எழுது.

நெஸ்டா

ஸ்கெல்பி
5 அக்டோபர் 1990

அன்புள்ள டாம்சின்,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை எழுதுவது பெரியம்மாதான். எப்போதும்போல என் எழுத்து இடது பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்.

அடுக்களையில் உன் கையைப் பிடித்து வலிக்கச் செய்தது நான். அதை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீதிபதியிடம் சொல்லிவிட்டேன், பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் அது ரகசியம் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் நீ சொல்லலாம். சொல்லாமல் இருந்தாலும் சரி. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். ஒரு குழந்தையிடம் கேட்கக் கூடாததை உன்னிடம் கேட்டேன்.

உன் அம்மா கெட்டவள் என்று எழுதினேன். அது பொய். நான் அவளைக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல், வேறு யாரோ கொடுத்த தாளைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

டோரீன் பெரியம்மா

ஹாதர்கோட்
18 நவம்பர் 1990

டோரீன் பெரியம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? கடுதாசி இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அம்மா சொன்னா.

உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் ஒரு மாசம் டிராயர்ல வெச்சிருந்தேன். பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உக்கார வேண்டாம்னு ரெண்டு பேர்கிட்ட அவங்க அம்மா சொல்லியிருக்காங்க. மத்தவங்க உக்காருறாங்க.

மிஸ் பாரட் எவ்வளவு கேட்டும் நான் சொல்லவே இல்ல. அவங்க சாக்லேட் குடுத்தப்பக்கூட சொல்லல. என்னைக் கொண்டுபோய் வெச்ச வீட்டு ஆன்ட்டி நல்லவங்க, ஆனா அங்க என்னை யாரும் தொடவே மாட்டாங்க, பயமாம். முதல் நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பேனான்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுப் பாத்திரம் கழுவினா. அதனால எனக்குத் தெரிஞ்சிடுச்சு.

நீங்க சாரி சொன்னதுக்கு நான் என்ன சொல்லணும்னு தெரியல. ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு அம்மா சொன்னா.

டிசம்பர் 21 எங்களுக்குப் பண்டிகை. வருஷத்துலயே சின்னப் பகல். பெக்கி ஆன்ட்டி வராங்க. உங்களையும் பெரியப்பாவையும் கூப்பிடலாமா வேண்டாமான்னு என்னைத் தீர்மானிக்கச் சொன்னா அம்மா. நான் ரொம்ப நாள் யோசிச்சேன்.

வாங்க. ஆனா எனக்குப் பக்கத்துல உக்காரக் கூடாது. எதிர்ல உக்காருங்க. உங்க ரெண்டு கையும் மேஜை மேல இருக்கணும்.

டாம்சின்